வெட்டுவதற்கு முன்னால் சொல்லுங்கள், பாக்கெட் வைத்துத் தருகிறேன்

சுடிதார் தைக்கத் துணி கொண்டுவருகிறவர்களிடம் கழுத்து எப்படி, கை எவ்வளவு நீளம் என்று கேட்பதற்கு முன்னால் நான் கேட்பது, “பாக்கெட் வைக்கவா?” என்பதுதான். பாதிப் பேர், “சுடிதார்ல வைக்க முடியுமாக்கா?” என்று திருப்பிக் கேட்பார்கள். கல்லூரிப் பிள்ளைகள் கேட்டால்கூடப் பரவாயில்லை, இப்போதுதான் தைக்கக் கொடுக்கத் தொடங்கியிருக்கிறார்கள். போன மாதம் ஒரு ரிட்டயர்டு டீச்சர் அதே கேள்வியைக் கேட்டார். வேலைக்குப் போன காலமெல்லாம் சேலை, இப்போதுதான் சுடிதார். சாக்பீஸ், பேனா, பீரோ சாவி, பஸ்ஸுக்குச் சில்லறை என்று தினமும் கையில் எதையாவது பிடித்துக்கொண்டே நடந்தவர். உடுத்துகிற துணியிலேயே அதற்கு இடம் கேட்கலாம் என்று அவருக்குத் தோன்றவில்லை. அவரைச் சொல்லிக் குற்றமில்லை. எந்த டெய்லரும் அவரிடம் கேட்டதில்லை.

ஆண்கள் யாரும் என்னிடமோ வேறு டெய்லரிடமோ பாக்கெட் வேண்டும் என்று கேட்டு நான் பார்த்ததில்லை. கேட்காமலே வரும். சட்டை என்றால் இடது மார்பில் ஒன்று, பேன்ட் என்றால் பக்கத்துக்கு ஒன்றும் பின்னால் ஒன்றோ இரண்டோ. பெண்களுக்கு மட்டும் அது கேட்டு வாங்க வேண்டிய பொருளாக இருக்கிறது. அதனால்தான் நானே முந்திக்கொண்டு கேட்டுவிடுகிறேன்.

நான் மதுரை செல்லூரில் வீட்டு முன்னறையில் மெஷின் போட்டுத் தைக்கிறேன். என் அப்பா புதுமண்டபத்தில் தைத்தவர். மீனாட்சி அம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே திருமலை நாயக்கர் கட்டிய மண்டபம் அது. கல் தூண்களுக்கு நடுவே வரிசையாகத் தையல் மெஷின்கள் ஓடிக்கொண்டிருக்கும். இப்போது அந்தக் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன. அந்தக் காலத்தில் கோயிலுக்கு வருகிற வெள்ளைக்காரர்கள் தாங்கள் போட்டிருக்கிற மாதிரியே ஒரு பேன்ட் வேண்டும் என்று பழசு ஒன்றைக் கொடுத்துவிட்டுச் சாமி பார்க்கப் போவார்கள். அப்பா அதைக் கையில் வாங்கியதும் உள்பக்கம் திருப்பி, பாக்கெட் பையை வெளியே இழுத்துவிட்டுப் பார்ப்பார். பை இடுப்புப் பட்டியோடு சேர்ந்திருக்கிறதா, வெறுமனே பக்கத் தையலில் தொங்குகிறதா, அடியில் ஒற்றைத் தையலா இரட்டைத் தையலா, வாய் தளராமல் இருக்க உள்ளே கரைத்துணி வைத்திருக்கிறார்களா. வெளித்தையல் யார் வேண்டுமானாலும் அழகாகப் போடலாம், தைத்தவனின் கை பாக்கெட்டுக்குள்தான் தெரியும் என்பார். நானும் இன்றுவரை ரெடிமேட் கடையில் எந்தத் துணியை எடுத்தாலும் முதலில் பாக்கெட்டுக்குள்தான் கையை விடுகிறேன்.

உள்ளூர் ஆட்களுக்கு அப்பா தைத்த பாக்கெட்டுகளைத் தனியாக எழுதலாம். லாரி டிரைவருக்கு டிராயரில் உள்பாக்கெட், மார்க்கெட்டில் கமிஷன் மண்டி வைத்திருந்தவருக்குப் பனியனிலேயே ஒரு பாக்கெட். வேட்டி கட்டுகிறவர்களுக்குப் பட்டாபட்டி டிராயர் இருக்கிறது, அதில் ஒரு நோட்டுப் புத்தகமே போகும். சந்தைக்குப் போகிற மாட்டு வியாபாரிகள் அகலமான பச்சை பெல்ட்டை வேட்டிக்கு மேல் கட்டுவார்கள், அதில் பட்டன் போட்ட அறைகள் இருக்கும். எதுவும் இல்லாதவர்களுக்கு மடி இருந்தது. மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்று சும்மாவா சொன்னார்கள், அன்றைக்குக் காசு இருந்த இடமே அதுதான். 1921 செப்டம்பர் 22 அன்று எங்கள் மதுரையில், மேலமாசி வீதி வீட்டில்தான் காந்தி சட்டையை விட்டுவிட்டு முழங்கால் வேட்டிக்கு மாறினார். சட்டை போனதும் பையும் போனது, கடிகாரம் இடுப்பில் தொங்கியது. படங்களில் பார்த்தால் அந்த வட்டக் கடிகாரம் தெரியும்.

எங்கள் அப்பத்தாவிடம் சுருக்குப்பை இருந்தது. அப்பாவின் கடையில் மிஞ்சிய வெட்டுத் துண்டுகளில் தைத்தது. சட்டைத் துணி, ரவிக்கைத் துணி, பாவாடைத் துணி எல்லாம் அதில் இருக்கும். இரண்டு பக்கமும் கயிற்றை இழுத்தால் வாய் மூடிக்கொள்ளும், உள்ளே மூன்று அறை. ஒன்றில் வெற்றிலையும் கொட்டைப்பாக்கும், ஒன்றில் சுண்ணாம்பு டப்பியும் சாவியும், நடு அறையில் நான்காக மடித்த நோட்டும் சில்லறையும். அதை இடுப்புச் சேலைக்குள் செருகிக்கொள்வார். தூங்கும்போதும் எடுக்க மாட்டார். வீட்டில் யாரும் அந்தப் பைக்குள் கை விட்டதில்லை. தாத்தாவே பாக்கு வேண்டுமென்றால் கையை நீட்டிக் கேட்பார், அப்பத்தாதான் எடுத்துக் கொடுக்க வேண்டும். வீடு தாத்தா பேரில், நிலம் தாத்தா பேரில். அந்தப் பையில் இருந்தது மட்டும் அப்பத்தாவுடையது.

லண்டனில் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியம் என்று ஒன்று இருக்கிறது. அவர்கள் இணையதளத்தில் போட்டிருக்கிற பழைய இங்கிலீஷ் பாக்கெட்டுகளின் படத்தை முதன்முதலில் பார்த்தபோது எனக்கு அப்பத்தா ஞாபகம்தான் வந்தது. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 19ஆம் நூற்றாண்டு வரைக்கும் அங்கே பெண்களின் பாக்கெட் உடையோடு தைத்ததில்லை. தனியாக ஒரு பை. மேலே குறுகி, கீழே அகன்று இருக்கும். நடுவில் நெட்டுக்கு ஒரு வாய். ஒற்றையாகவோ இரண்டு பையாகவோ ஒரு நாடாவில் கோத்து இடுப்பில் கட்டிக்கொள்வார்கள். அதற்கு மேல் பாவாடை, கவுன் எல்லாம் வரும். அந்தத் துணிகளின் பக்கத் தையலில் கை போகிற அளவுக்கு இடம் விட்டிருப்பார்கள். அதன் வழியாகக் கையை விட்டால் நேராக உள்ளே இருக்கிற பைக்குள் போகும். ஆண்களுக்கு அதற்கு முன்பே கோட்டோடும் கால்சட்டையோடும் சேர்த்தே பாக்கெட் தைத்தாயிற்று.

அந்தப் படங்களைப் பெரிதாக்கித் தையலைப் பார்த்தேன். வாய் கிழியாமல் இருக்கச் சுற்றிலும் நாடா வைத்து மடித்திருக்கிறார்கள். சிலவற்றில் மிஞ்சிய துணித் துண்டுகளை ஒட்டுப்போட்டிருக்கிறார்கள், அப்படியே அப்பத்தா பை மாதிரி. சிலவற்றில் அவ்வளவு பூவேலை! பாவாடைக்கு உள்ளே கட்டுகிற பை, வெளியே யார் கண்ணிலும் படாது. ஆனாலும் கொடியும் பூவுமாக ஊசி வேலை செய்திருக்கிறார்கள். அந்தப் பெண் தினமும் கட்டும்போதும் அவிழ்க்கும்போதும் அவள் மட்டும் பார்ப்பாள். அதற்காக அத்தனை வேலை செய்தது எனக்கு ரொம்பப் பிடித்தது.

தனிப் பை என்பதால் அது திருடும் போகும். லண்டன் ஓல்டு பெய்லி நீதிமன்றத்தில் 1674 முதல் 1913 வரை நடந்த வழக்குகளின் பதிவுகள் இணையத்தில் கிடைக்கின்றன. நாடாவை அறுத்துப் பையையே எடுத்துக்கொண்டு போன வழக்குகள் அதில் இருக்கின்றன. பையைப் பறிகொடுத்தவர்கள் உள்ளே என்ன இருந்தது என்று வரிசையாகச் சொல்வார்கள். காசு, சாவி, கைக்குட்டை, ஊசிநூல், கத்தரிக்கோல். இங்கிலாந்தில் கல்யாணமான பெண் தன் பேரில் சொத்து வைத்துக்கொள்ள 1870லும் 1882லும் சட்டம் வந்த பிறகுதான் முறையான உரிமை கிடைத்தது. அதற்கு முன்னால் புருஷனுக்குத் தெரியாமல் அவளுக்கென்று ஏதாவது இருக்க முடியுமென்றால் அது இடுப்பில் கட்டிய அந்தப் பைக்குள் இருந்தது.

பிறகு 1790களில் அங்கே உடையின் வடிவம் மாறியது. இடுப்புக்கோடு மார்புக்குக் கீழே ஏறிவிட்டது, துணியும் மெலிந்து உடம்போடு ஒட்டி விழ ஆரம்பித்தது. உள்ளே பை கட்டினால் புடைத்துக்கொண்டு தெரியும். கையில் தொங்கவிடுகிற சின்னப் பை வந்தது. கட்டுப்பை உடனே ஒழிந்துவிடவில்லை, இன்னும் பல காலம் பெண்கள் கட்டினார்கள். ஆனால் உடை ஒட்டினால் பாக்கெட் போகும், பாக்கெட் போனால் கையில் பை ஏறும் என்கிற கணக்கு அன்றைக்கே ஆரம்பித்துவிட்டது. பாக்கெட் வேண்டும் என்று கேட்கிற பெண்களும் அங்கே இருந்துகொண்டே இருந்தார்கள். ஓட்டுரிமை கேட்டுப் போராடிய பெண்களுக்கான சூட் ஒன்றில் பாக்கெட்டுகள் தாராளமாக இருப்பதை 1910இல் நியூயார்க் டைம்ஸ் தலைப்பிலேயே போட்டது.

நம் ஊருக்கு வருவோம். பாக்கெட் இல்லாத பெண் பொருளை எங்கே வைக்கிறாள் என்று எந்தப் பஸ் ஸ்டாப்பில் நின்றாலும் தெரியும். சின்ன பர்ஸ் ரவிக்கைக்குள். போனும் சில பேருக்கு அங்கேதான், வேர்வையில் நனைந்து. சாவி இடுப்புக் கொசுவத்தில். பத்து ரூபாய் நோட்டு முந்தானை முடிச்சில். சுடிதார் போட்டவர்களுக்கு இந்த இடங்களும் இல்லை, அவர்கள் போனைக் கையிலேயே பிடித்திருப்பார்கள். ஒரு கையில் போன், இன்னொரு கையில் பிள்ளை, தோளில் பை. வண்டி ஓட்டுகிற பிள்ளைகள் போனை ஹெல்மெட்டுக்குள் காதோரம் செருகிக்கொண்டு போவதைப் பார்த்தால் எனக்குப் பதறும்.

வயல் வேலைக்கும் நூறு நாள் வேலைக்கும் கட்டட வேலைக்கும் போகிற பெண்கள் சேலைக்கு மேல் ஆண் சட்டையைப் போட்டுக்கொள்வார்கள். வெயிலுக்கும் தூசிக்கும் என்பார்கள், அது உண்மைதான். ஆனால் சித்தாள் வேலைக்குப் போகிற ஓர் அக்கா என்னிடம் சட்டை பிடிக்கக் கொடுத்தபோது சொன்னது இது: “கைய வேணா வெட்டிக் குட்டையாக்கிருத்தா, பாக்கெட்ட மட்டும் தொட்டுறாத.” சாயங்காலம் கூலியை வாங்கினால் வைக்க அவருக்கு வேறு இடமில்லை. நான் அந்தப் பாக்கெட்டுக்கு உள்ளே இன்னொரு துணி கொடுத்து, மேலே ஒரு பட்டனும் காஜாவும் வைத்துக் கொடுத்தேன். அதன் பிறகு அவருடன் வேலை செய்கிறவர்கள் வீட்டுக்காரரின் பழைய சட்டையோடு வர ஆரம்பித்தார்கள்.

நைட்டியைப் பாருங்கள். பக்கத்தில் பாக்கெட் வைத்த நைட்டியைத்தான் முதலில் கேட்கிறார்கள் என்று தெருவில் நைட்டி விற்கிறவரும் சொல்கிறார். வீட்டுக்குள் போடுகிற துணியில் பாக்கெட் கிடைக்கிறது, வெளியே போகிற துணியில் கிடைப்பதில்லை.

பாக்கெட் நாவல், பாக்கெட் டிக்‌ஷனரி, பாக்கெட் காலண்டர் என்று பாக்கெட் பேரைச் சொல்லி விற்கிறதெல்லாம் ஆண் சட்டைப்பையின் அளவுதான். பாக்கெட் மணி என்று பிள்ளைகளுக்குக் காசு கொடுக்கிறோம். பையன் அதைப் பாக்கெட்டில் போட்டுக்கொள்கிறான். பெண் பிள்ளை பென்சில் பாக்ஸில் போட்டுக்கொள்கிறது. என் மகள் போட்டதைப் பார்த்த அன்றைக்கே அவள் பாவாடைகளை எல்லாம் எடுத்துப் பாக்கெட் வைத்தேன்.

ரெடிமேடில் ஏன் இப்படி என்று கேட்பவர்களுக்கு, நான் கல்யாணமான புதிதில் சில வருடங்கள் திருப்பூரில் வேலை பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். பனியன் கம்பெனியில் ஒரு பாக்கெட் என்பது ஒரு வேலையில்லை, பல வேலை. பை துணி வெட்ட வேண்டும், ஓவர்லாக் அடிக்க வேண்டும், வாயில் மடித்துத் தைக்க வேண்டும், உடம்போடு சேர்க்க வேண்டும், கடைசியில் வாய் முனைகளில் தையலை அடுக்கி இறுக்குகிற பார்டேக் மெஷினுக்குப் போக வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு டெய்லர், ஒரு மெஷின், சில விநாடி. ஆயிரக்கணக்கில் பீஸ் ஓடும்போது அந்த விநாடிகள் பணமாகிவிடும். பாக்கெட்டை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பாக்கெட் மாதிரி ஒரு மடிப்புத் தையல் மட்டும் போடு என்று ஆர்டர் கொடுத்தவர்களின் ஷீட்டில் வந்துவிட்டால் நாங்கள் அப்படியே தைத்து அனுப்புவோம். அந்தப் பொய்ப் பாக்கெட்டைத் தைக்கும்போது மனசுக்குக் கஷ்டமாக இருக்கும். கடல் கடந்து எங்கோ ஒரு பெண் ஆசையாகக் கையை விட்டுப் பார்ப்பாள், விரல் தையலில் முட்டும். ஆண்கள் ஷார்ட்ஸுக்கு ஒருநாளும் அப்படி ஷீட் வந்ததில்லை.

என் கண்ணில் பட்டது மட்டும் இல்லை இது. 2018இல் ‘தி புட்டிங்’ என்கிற அமெரிக்க இணைய இதழ் 20 பிராண்டுகளின் ஜீன்ஸை எடுத்து, ஆண் பெண் இரண்டிலும் 32 இஞ்ச் இடுப்பு அளவில், பாக்கெட்டை அளந்து பார்த்தது. பெண்கள் ஜீன்ஸின் முன் பாக்கெட் சராசரியாக 48 சதவீதம் ஆழம் குறைவு, 6.5 சதவீதம் அகலம் குறைவு. கையை முழுசாக விட முடிந்தது பெண்கள் பாக்கெட்டில் பத்தில் ஒன்றில்தான். ஒரே இடுப்பு என்பதைக் கவனியுங்கள். பெண் உடம்பு சின்னது, அதனால் பாக்கெட்டும் சின்னது என்று சொல்ல இடமில்லை.

ஜீன்ஸ் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். ஜீன்ஸ் என்கிற உடுப்பே பாக்கெட் கிழியாமல் இருக்க ஒரு டெய்லர் யோசித்ததால் வந்தது. அமெரிக்காவில் நெவாடா மாநிலத்தில் ரீனோ என்கிற ஊரில் ஜேக்கப் டேவிஸ் என்று ஒரு டெய்லர். மரம் வெட்டுகிற ஒருவரின் மனைவி அவரிடம் வந்து, என் வீட்டுக்காரர் எந்தப் பேன்ட்டைப் போட்டாலும் கிழித்துவிடுகிறார், கிழியாத மாதிரி ஒன்று தைத்துக் கொடுங்கள் என்று கேட்டார். கிழிவது எப்போதும் பாக்கெட்டின் வாயோரம்தான், தைக்கிற எல்லாருக்கும் அது தெரியும். கை போய்ப் போய் வருகிற இடம், சுமையும் அங்கேதான் இழுக்கும். டேவிஸ் குதிரைப் போர்வையில் வார் பொருத்துவதற்கு வைத்திருந்த, ரிவெட் என்கிற செம்பு ஆணியை எடுத்துப் பாக்கெட் முனைகளில் அடித்தார். அது நிலைத்தது. தனக்குத் துணி சப்ளை செய்த சான்ஃபிரான்சிஸ்கோ வியாபாரி லீவை ஸ்ட்ராஸுக்குக் கடிதம் எழுதினார், இருவரும் சேர்ந்து 1873 மே 20 அன்று பேடன்ட் வாங்கினார்கள். பேடன்ட்டின் தலைப்பைப் பார்த்தால் ஜீன்ஸ் என்றும் இருக்காது, பேன்ட் என்றும் இருக்காது. பாக்கெட் வாயை இறுக்கிப் பிடிக்கும் முறையில் ஒரு மேம்பாடு, அவ்வளவுதான். பின் பாக்கெட் ரிவெட் நாற்காலியைக் கீறுகிறது என்று புகார் வந்ததால் 1937இல் அதைத் துணிக்குள் மறைத்தார்கள், 1966இல் எடுத்துவிட்டுப் பார்டேக் போட்டார்கள். நான் திருப்பூரில் ஓட்டிய மெஷின் செய்கிற அதே வேலை. கால் இஞ்ச் நீளத்துக்குள் 28 தையலோ 42 தையலோ ஒரே இடத்தில் அடுக்கி இறக்கிவிடும். இப்போது என்னிடம் அந்த மெஷின் இல்லை. வாயின் இரண்டு முனையிலும் முன்னும் பின்னுமாகப் பலமுறை அடித்து, காஜா நூலால் கையிலும் ஒரு கட்டுத் தையல் போட்டுவிடுகிறேன். சட்டைப் பாக்கெட்டின் மேல் முனைகளில் சின்ன முக்கோணமாகத் தைத்திருப்பதும் இதற்குத்தான், உங்கள் வீட்டுச் சட்டையை எடுத்துப் பாருங்கள்.

சரி, சுடிதாரில் எப்படி வைக்கிறேன் என்று சொல்கிறேன். தைக்கத் தெரிந்தவர்கள் செய்து பார்க்கலாம்.

அம்ப்ரெல்லா, அனார்கலி மாதிரிப் பக்கத்தில் ஓப்பன், அதாவது கீழே தைக்காமல் விடுகிற பிளவு, இல்லாத டாப் என்றால் கஷ்டமே இல்லை. இடுப்பிலிருந்து ஓர் இஞ்ச் கீழே பக்கத் தையலில் ஆறரை இஞ்ச் வாய் விட்டு, உள்ளே பையைச் சேர்த்துவிடலாம். சிக்கல் ஓப்பன் வைத்த டாப்பில்தான். தோளிலிருந்து இடுப்பு 15 இஞ்ச், ஓப்பன் 21 இஞ்சில் ஆரம்பிக்கும். நடுவில் இருப்பது ஆறு இஞ்ச். அதற்குள் வாயும் வர வேண்டும், வாய்க்கு மேலும் கீழும் பிடிமானத்துக்குத் தையலும் வர வேண்டும். அதனால் ஓப்பனை இரண்டு இஞ்ச் இறக்கி 23இல் ஆரம்பிக்கிறேன். இதை வெட்டும்போதே முடிவு செய்தாக வேண்டும். பை ஓப்பனையும் தாண்டிக் கீழே தொங்கும் என்பதால், நடக்கும்போது வெளியே எட்டிப் பார்க்காமல் இருக்க, பையின் ஓரத்தை ஓப்பனின் மடிப்புக்குள் விட்டு முன்பக்கத் துணியோடு சேர்த்துத் தைத்துவிட வேண்டும். அப்படிச் செய்தால் பை ஆடாது.

வாய் அளவுக்கு நான் டேப் வைப்பதில்லை. பேப்பரைப் போட்டு அதன்மேல் கையை விரித்து வைக்கச் சொல்லி, பென்சிலால் சுற்றி வரைந்துகொள்கிறேன். விரல் கணு இருக்கிற இடம்தான் அகலம், வளையல் போடுகிறவர்களுக்குக் கொஞ்சம் கூட. பிள்ளைகளுக்கு இந்த வரைகிற வேலை ரொம்பப் பிடிக்கும். பையின் ஆழம் வாயின் மேல் முனையிலிருந்து 11 இஞ்சாவது வேண்டும். இப்போதைய போன் நீளமே ஆறரை இஞ்ச் வருகிறது. வாய்க்குக் கீழே பை நான்கு ஐந்து இஞ்ச் இறங்கியிருந்தால்தான் உட்காரும்போது போன் நழுவி வெளியே வராது.

பைக்குத் துணி எது என்பது முக்கியம். வழுவழு பாலியஸ்டர் லைனிங் போடவே கூடாது, போன் வழுக்கிக்கொண்டே இருக்கும், தையலும் பிரிந்து வரும். நல்ல காட்டன் லைனிங் அல்லது பேன்ட் பாக்கெட்டுக்கு என்றே விற்கிற கெட்டித் துணி. ஆனால் வாயோரம் இரண்டு இஞ்சுக்கு டாப்பின் துணியையே ஒட்டு வைக்கிறேன், இல்லாவிட்டால் கையை எடுக்கும்போது வெள்ளை லைனிங் எட்டிப் பார்க்கும். வாயில் துணியின் கரையை ஒரு நாடா மாதிரி நறுக்கி உள்ளே வைத்துத் தைத்தால் வாய் இழுபட்டுத் தளராது. அப்பா வெள்ளைக்காரர்களின் பேன்ட்டில் தேடியது இந்தக் கரையைத்தான்.

போன் கிட்டத்தட்ட 200 கிராம் இருக்கும். மெல்லிய ரேயான், ஜார்ஜெட் டாப்பில் ஒரு பக்கம் அதைத் தொங்கவிட்டால் கழுத்தே ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். அந்த மாதிரித் துணி கொண்டுவந்தால் நான் டாப்பில் வைப்பதில்லை, பேன்ட்டில்தான் வைக்கிறேன். பையின் மேல் ஓரத்தை நாடாப் பட்டிக்குள் விட்டுத் தைத்துவிட்டால் கனம் முழுக்க இடுப்பு தாங்கிக்கொள்ளும், பக்கத் தையலுக்கு ஒன்றும் ஆகாது. டாப்பின் ஓப்பன் வழியாகக் கை நேராகப் போகும். பார்த்தீர்களா, அந்த இங்கிலீஷ்காரப் பெண்கள் செய்த அதே ஏற்பாடு.

எனக்கு ரொம்பக் கோபம் வருவது பள்ளிக்கூட யூனிஃபார்மில்தான். நான் தைத்துக் கொடுக்கிற ஒரு தனியார் பள்ளியின் மாதிரியில் பையன்களுக்குச் சட்டையிலும் பேன்ட்டிலும் சேர்த்து நான்கு பாக்கெட். பெண் பிள்ளைகளின் ஸ்கர்ட்டில் ஒன்றும் இல்லை. எட்டாவது படிக்கிற பிள்ளைக்கு மாதவிலக்கு நாளில் ஒரு நாப்கின் எடுத்துக்கொண்டு பாத்ரூம் போக வேண்டும். வகுப்பில் எல்லார் முன்னாலும் பையைத் திறந்து, அதை நோட்டுக்குள் மறைத்து, நோட்டோடு எழுந்து போகிறது. பாத்ரூமுக்கு எதற்கு நோட்டு என்று கேட்டால் அந்தப் பிள்ளை என்ன சொல்லும்? இதை ஓர் அம்மா என்னிடம் சொன்னபோது, பள்ளியில் போய்க் கேட்டேன். பாக்கெட் வைத்தால் போன் ஒளித்துக் கொண்டுவருவார்கள் என்றார்கள். பையன்களுக்கு நான்கு இருக்கிறதே என்றேன், பதில் வரவில்லை. ஸ்கர்ட்டில் பெரிய பாக்ஸ் பிளீட் இருக்கிறது. அந்த மடிப்பின் உள்பக்கத் தையலில் பாக்கெட் வைத்தால் வெளியே ஒரு கோடுகூடத் தெரியாது. இப்போது கேட்கிற அம்மாக்கள் எல்லாருக்கும் அப்படித்தான் வைத்துக் கொடுக்கிறேன். ஒரு நாப்கின், ஒரு கைக்குட்டை, பஸ் பாஸ் மூன்றும் தாராளமாகப் போகும். இதற்கு மட்டும் நான் காசு வாங்குவதில்லை.

மற்றபடி ஒரு பாக்கெட்டுக்கு 40 ரூபாய் வாங்குகிறேன், இரண்டு வைத்தால் 70. இரண்டுக்கும் சேர்த்து அரை மீட்டர் காட்டன் லைனிங் போதும், டாப்பின் துணியில் கால் மீட்டர் கூடுதலாக எடுத்தால் வாயோரத்துக்கும் சேர்த்து வந்துவிடும். சேலை மட்டுமே கட்டுகிறவர்களுக்கு உள்பாவாடையில் ஜிப் வைத்த பாக்கெட் தைக்கிறேன். காசி, ராமேஸ்வரம் என்று டூர் போகிற அம்மாக்கள் கூட்டமாக வந்து கேட்கிறார்கள். ஜிப்பை நடுவில் வைக்காமல் வலது கை பக்கம், கொசுவம் வருகிற இடத்துக்குச் சற்றுத் தள்ளி வைத்தால் உட்காரும்போது குத்தாது. தைத்து முடித்த பழைய டாப்பிலும் வைக்கலாம். பக்கத்தில் பிரிக்கத் துணி விட்டிருந்தால் பக்கத்தையலைப் பிரித்து உள்ளே பை சேர்ப்பேன், விடவில்லை என்றால் முன்பக்கம் ஒட்டுப் பாக்கெட்தான். காட்டன் துணியாக இருந்தால் வீட்டில் ஒருமுறை நனைத்துக் காயவைத்துக் கொண்டுவாருங்கள். பாக்கெட் லைனிங்கை நானும் நனைத்த பிறகுதான் வெட்டுகிறேன். இரண்டில் ஒன்று மட்டும் சுருங்கினாலும் முதல் சலவையிலேயே வாய் கோணிக்கொள்ளும்.